குஞ்சு பொரித்த வீடு

புறாவுக்கு வீடு தேவை என்று வாட்ஸ்அப்பில் போட்டால், முதல் போன் யாரோ ஒருவருடைய சமையலறையிலிருந்துதான் வரும். யாழினிக்கு இது பழகிப்போன விஷயம்.

"ஜோடியா இருக்குங்களா?"

"ஜோடிதாங்க. நீங்க ஏற்கெனவே புறா வளர்த்திருக்கீங்களா?"

"வளர்க்கிறதுக்கு இல்லீங்க. எங்க மாமனாருக்கு ஒரு கை வராமக் கிடக்கு. புறா ரசம் வச்சுக் குடுத்தா சரியாயிடும்னு சொன்னாங்க."

யாழினி போனை வைத்துவிடுவாள். தில்லைநகரில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்சியில் அவளுக்கு வேலை. வேலை நேரம் போக, யாரோ ஆசையாக வாங்கி வளர்த்துப் பிறகு கைவிட்ட புறாக்களை எடுத்து வந்து, அவற்றுக்கு இடம் தேடித் தருவாள். நாய்க்குட்டி என்றால் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். பூனைக்கும் யாராவது கிடைப்பார்கள். புறாவுக்குத்தான் ஆள் பஞ்சம். பாதிப் பேர் வீட்டில் புறா அடைந்தால் குடும்பம் விளங்காது என்பார்கள். மீதிப் பேர் மிளகை அரைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

புரட்டாசியில் ஒருநாள் காட்டூரிலிருந்து வியாகுலம்மாள் என்ற பெண்மணி கூப்பிட்டார்.

"ஏம்மா, புறா பிடிக்கிற பொண்ணு நீதானே?"

"பிடிக்கிறதில்லைங்க. காப்பாத்துறது."

"என்னமோ ஒண்ணு. எங்க பக்கத்து வீட்டு அமிர்தராஜ் தஞ்சாவூர் ரோட்டுல லாரியில அடிபட்டு, தொடை எலும்பு போச்சு. அவங்க அக்கா மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மாடியில புறா எல்லாம் தண்ணியில்லாம கத்துது. எனக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. நீ வந்து என்னன்னு பாரு."

யாழினி ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தாள். மாடிக் கூண்டில் தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது. கம்பு தீர்ந்து வெறும் உமிதான் மிச்சம். இரண்டு புறா செத்திருந்தன. மற்றவை கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. முதலில் தண்ணீர் வைத்தாள். பிறகு வியாகுலம்மாளிடம் நம்பர் வாங்கி, மதுரை ஆஸ்பத்திரியில் இருந்த அமிர்தராஜுடன் பேசினாள்.

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். நாற்பதைத் தாண்டியவர். குரல் மட்டும் மருந்து மயக்கத்தில் இழுத்தது.

"மத்ததை எல்லாம் நல்ல இடமாப் பார்த்துக் குடுத்துடுங்க. இனிமே என்னால அத்தனையும் பார்க்க முடியாது. அந்த ஹோமர் ஜோடி இருக்கு பாருங்க, லட்டு, பூந்தின்னு, அதை மட்டும் யாருக்கும் ஒரேயடியாக் குடுத்துடாதீங்க. நான் வர்ற வரைக்கும் யாராவது வச்சிருந்தாப் போதும்."

"ரொம்ப விலை குடுத்து வாங்கினதுங்களா?"

"விலை இல்லைங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. ஷெர்லின். ஆறாவது படிக்கிறா. அவங்கம்மாவோட திருவானைக்காவல்ல இருக்கா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் காட்டூருக்கு வருவா. என்னைப் பார்க்கன்னு நெனைக்காதீங்க, இந்த ஜோடியைப் பார்க்கத்தான். ரெண்டு பேரும் பைக்ல முக்கொம்பு போவோம். அங்க புறாவைத் திறந்து விட்டுட்டு, அதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடணும்னு ஓட்டுவோம். மழையில ஒருதரம் தவிர ஜெயிச்சதே இல்லை. நாங்க வரும்போது ரெண்டும் மாடிச் சுவத்துல உக்காந்திருக்கும்."

அதுதான் ஹோமர். எங்கே கொண்டுபோய் விட்டாலும் தன் வீட்டைத் தேடி வந்துவிடும் ஜாதி.

"கவலைப்படாதீங்க. அப்படியே பத்திரமாத் திருப்பிக் குடுத்துடுறேன்" என்றாள் யாழினி.

"ரெண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கங்க. வெளியே விடக் கூடாது. விட்டா நேரா காட்டூர் வந்து பூட்டின வீட்டுல உக்காந்துக்கும். இன்னொண்ணு, முட்டை விட்டா எடுத்துடணும். குஞ்சு பொரிக்க விட்டுட்டா அப்புறம் குஞ்சு வளர்த்த இடம்தான் அதுக்கு வீடு. காட்டூரை மறந்துடும்."

மற்ற புறாக்களுக்கு ஒருவழியாக இடம் கிடைத்தது. லட்டு பூந்திக்குத்தான் கிடைக்கவில்லை. பிறகு திருப்பித் தர வேண்டும் என்றதும் கேட்டவர்கள் எல்லாரும் பின்வாங்கினார்கள். "வளர்த்துட்டு எப்படிங்க குடுக்குறது?" என்று சிலர். "திருப்பித் தரணும்னா தீனிச் செலவு யாருது?" என்று சிலர். யாழினியின் வாடகை வீட்டில் மாடிக்குப் பூட்டு. பால்கனியில் அட்டைப் பெட்டிக்குள் அந்த ஜோடி அடைந்து கிடந்தது.

அப்போதுதான் ஶ்ரீரங்கத்திலிருந்து கோமளவல்லி கூப்பிட்டாள். கீழ அடையவளஞ்சான் வீதி. பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் அவளும் கணவர் சடகோபனும் மட்டும். மொட்டை மாடியில் வடாம் காயப்போடுவதற்காக, குரங்குக்குப் பயந்து வலை அடித்த ஒரு அறை இருக்கிறதாம்.

"அதுல ராஜாவாட்டம் இருக்கலாம். எத்தனை மாசம் ஆனாலும் சரி, நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

யாழினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால், எந்தக் கஷ்டம் வந்தாலும் புறாவைக் குழம்பில் போடாத வீடு அது. அவ்வளவு நிம்மதியான வீடு அதுவரை அவளுக்குக் கிடைத்ததே இல்லை.

பெட்டியோடு போனாள். கூடத்தில் சேவித்துவிட்டு எழுந்த சடகோபன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஓஹோ, இதுகள்தானா? நேத்திலேர்ந்து என் காப்பியை மறந்துட்டு இதுகளுக்குக் கம்பு புடைச்சிண்டிருக்கா" என்றார்.

"காப்பியை நீங்களே போட்டுக்கலாமே" என்றாள் கோமளவல்லி.

வெளியே விடக் கூடாது என்பதை யாழினி தெளிவாகச் சொன்னாள். இரண்டாவது விஷயத்துக்கு வந்ததும் நாக்கு தடுமாறியது. பக்கத்தில் பெருமாள் படம். அடுப்பில் நெய் காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு முட்டையைத் தூக்கிப் போடுங்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இந்த இடமும் போய்விடுமோ என்று பயம். அதனால் பாதியைத்தான் சொன்னாள்.

"மாமி, முட்டை கிட்டை விட்டுச்சுன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. நானே வந்து பார்த்துக்கறேன்."

"ஆகட்டும்மா."

எதற்காக என்று கோமளவல்லி கேட்கவில்லை. யாழினியும் சொல்லவில்லை.

ஐப்பசியில் போன் வந்தது. யாழினி போய், கைக்குட்டையில் இரண்டு முட்டையையும் எடுத்துச் சுற்றினாள். கோமளவல்லி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"எடுத்துண்டு போய் என்ன பண்ணுவே?"

"அவிச்சுட்டுத் திரும்பக் கொண்டு வந்து வைக்கலாம் மாமி. அது பாட்டுக்கு அடைகாத்துக்கிட்டு இருக்கும், ஏமாத்தம் தெரியாது."

"எங்க அவிப்பே? எங்காத்துத் தளிகை அடுப்பிலயா?"

"இல்லை இல்லை, எங்க வீட்டுல."

"அவிச்சதை எங்காத்துக்குள்ள கொண்டு வராதேம்மா. எடுத்துண்டு போனது போனதாவே இருக்கட்டும்."

மறுநாள் காலை கோமளவல்லியே கூப்பிட்டாள். "அது இன்னும் வெறும் சட்டியிலேயே உக்காந்திண்டிருக்கு. கம்பு போட்டா எழுந்து வரமாட்டேங்கறது. நாம பண்ணினது நன்னாயில்லை, யாழினி."

"ரெண்டு நாள்ல சரியாயிடும் மாமி" என்றாள் யாழினி. காரணத்தை அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆபீஸில் ஒருவர் எதிரில் காத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு போனில் எப்போதும் ஒரே பதில்தான். "சௌக்யமா இருக்கு. நன்னா சாப்பிடறது." மார்கழி வந்தது. யாழினிக்கு ஆபீஸில் வருஷக் கடைசி வேலை. ஶ்ரீரங்கத்தில் திருவிழாக் கூட்டம். வண்டியை ஊருக்குள்ளேயே விட மாட்டார்கள். கூட்டம் கலைந்து, பந்தல் பிரித்த பிறகுதான் அவளால் போக முடிந்தது.

மாடி ஏறியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வலைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே சட்டியில் மஞ்சள் மயிர் உதிர்ந்து, நீல இறகு முளைத்த இரண்டு பெரிய குஞ்சுகள். லட்டு அவற்றின் வாயில் தன் அலகை வைத்து ஊட்டிக்கொண்டிருந்தது. பூந்தி கைப்பிடிச் சுவரில், வெயிலில்.

"மாமி, கதவு திறந்திருக்கு."

"தெரியும். நான்தான் திறந்தேன்." கோமளவல்லிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வைகுண்ட ஏகாதசி அன்னிக்குக் கார்த்தால, பரமபத வாசல் திறந்து, ஊரே உள்ளே போயிண்டிருக்கு. நான் சேவிச்சுட்டு வந்து பார்த்தா, இதுகள் கம்பிக்குள்ள உக்காந்துண்டு என்னையே பார்க்கறதுகள். அன்னிக்குப் போய் ஒரு ஜீவனைக் கதவடைச்சு வைக்கலாமோ? மனசு கேக்கலை. திறந்துட்டேன். எங்க போயிடுமோன்னு பயந்தேன். ஒரு சுத்து சுத்திட்டு நேரா குஞ்சுகளாண்ட வந்துடுத்து. அதுலேர்ந்து தினமும் விடறேன்."

"முட்டை விட்டதை ஏன் மாமி சொல்லலை?"

"சொன்னா எடுத்துண்டு போயிடுவியே."

யாழினி படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அமிர்தராஜ், ஷெர்லின், ஞாயிற்றுக்கிழமை, முக்கொம்பு, குஞ்சு வளர்த்த இடம்தான் வீடு என்பது எல்லாவற்றையும். கேட்கக் கேட்கக் கோமளவல்லியின் சிரிப்பு வற்றிப்போனது.

"இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கப்படாதோ? எனக்குத் தெரிஞ்சிருந்தா கண்ணை மூடிண்டாவது எடுத்திருப்பேனே. புறா பெருகிடும்னு பயந்துதான் நீ முட்டையை எடுத்துண்டு போறதா நான் நெனச்சேன்."

"எல்லாப் புறாவும் ஒரே மாதிரி இருக்காது மாமி. காட்டூரை மறந்திருக்காது" என்று யாழினி சொல்லிவைத்தாள். கோமளவல்லியைவிடத் தனக்கே அதை அதிகமாகச் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமைதோறும் மதுரையிலிருந்து அமிர்தராஜ் பேசுவார். பிசியோதெரபி, கம்பி, வாக்கர் என்று ஆரம்பித்து, கடைசியில் புறாவுக்கு வருவார். "ஷெர்லின் போன் பண்ணினா. லட்டு எப்படி இருக்குன்னு கேட்டா. ஒரு போட்டோ அனுப்புறீங்களா, அவளுக்கு அனுப்பணும்." யாழினி அனுப்பினாள். குஞ்சுகள் இருந்த ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பினாள்.

மாசியில் அவர் காட்டூர் திரும்பினார். யாழினியே பெட்டியில் ஜோடியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தானாகத் தின்னப் பழகிவிட்ட குஞ்சுகள் கோமளவல்லியிடமே தங்கிவிட்டன. அமிர்தராஜ் உயரமான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினார். பூந்தியின் இறக்கையை விரித்து ஒவ்வொரு இறகாகப் பார்த்தார்.

"நல்லா வச்சிருந்திருக்காங்க. கொழுத்துப் போயிருக்கு. அந்தம்மாவுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க." ஜோடியைக் கீழேயே ஒரு சின்னக் கூண்டில் விட்டார். "இந்த ஞாயித்துக்கிழமை ஷெர்லின் வரா. அடிபட்டதுக்கு அப்புறம் முதல் தடவை. பைக் ஓட்ட எனக்கு இன்னும் முடியாது. நீங்க அவளைக் கூட்டிட்டு முக்கொம்பு போயிட்டு வர முடியுமாங்க? அவ அங்கேர்ந்து விடட்டும். நான் மாடியில நின்னு பார்க்குறேன். வந்து உக்கார்ற நிமிஷத்துல போன் பண்ணணும்னு சொல்லியிருக்கா."

யாழினி கூண்டுக் கதவைத் தாழிட்டாள். "கொஞ்ச நாள் இறக்கையைக் கட்டி வச்சு, வீட்டைப் பழக்கிட்டு விடலாமே?"

அமிர்தராஜ் சிரித்தார். "எங்க வீட்டுப் புறாவுக்கு எங்க வீட்டையே பழக்கணுமா?"

பக்கத்து வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வியாகுலம்மாள், "அதுங்களுக்கு வழி தெரியும். இவருக்குத்தான் ரோட்டுல வழி தெரியலை" என்றார்.

அமிர்தராஜ் அதற்கும் சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாழினியால் சொல்ல முடியவில்லை. இங்கேயே வந்துவிடலாம், யார் கண்டது? பல வருஷம் பறந்து வந்த வழி. அப்படி எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று அவள் வாயைத் திறந்திருந்தால் மிஞ்சி மிஞ்சி அவர் கோபப்பட்டிருப்பார். புறா கூண்டுக்குள் இருந்திருக்கும். குஞ்சு ஒன்று காட்டூரில் பொரிக்கும்வரை காத்திருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஷெர்லின் மடியில் மூங்கில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ரெட்டைப் பின்னல், பூசைக்குப் போட்ட வெள்ளைக் கவுன்.

"ஆன்ட்டி, நீங்க ரொம்ப மெதுவா ஓட்டுறீங்க. எங்கப்பான்னா இதுக்குள்ள ரெண்டு பஸ்ஸை முந்தியிருப்பாரு."

"அதனாலதான் உங்கப்பா காலுக்குள்ள கம்பி வச்சிருக்காங்க."

ஷெர்லின் கலகலவென்று சிரித்தாள். ஜீயபுரம் தாண்டியதும் யாழினி கேட்டாள்: "உனக்கு அப்பா வீடு பிடிக்குமா?"

"புறா பிடிக்கும்." கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே சொன்னாள். "அப்பா பேசவே மாட்டாரு ஆன்ட்டி. சாப்பிட்டியாம்பாரு, படிச்சியாம்பாரு, அவ்வளவுதான். புறா விடும்போது மட்டும் பேசுவாரு. அப்ப நிறையப் பேசுவாரு."

முக்கொம்பில் விடுமுறைக் கூட்டம். மதகுப் பக்கம் வாழைப்பூ வடை வாசம். ஆட்கள் இல்லாத கரையோரமாகப் போய் ஷெர்லின் கூடையைத் தரையில் வைத்து, யாழினியின் போனில் அப்பாவைக் கூப்பிட்டாள். "அப்பா, ரெடியா? மாடிக்கு வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன், வந்துட்டேன்." மூச்சு வாங்குவது யாழினிக்கே கேட்டது.

கூடை திறந்தது. இரண்டும் படபடவென்று எழும்பி, தண்ணீரின் மேல் ஒரு வட்டம் போட்டு, கிழக்கே திரும்பின. காவிரியை ஒட்டியே போயின. ஶ்ரீரங்கமும் கிழக்கேதான். காட்டூரும் கிழக்கேதான். யாழினி அவை புள்ளியாகி மறையும்வரை பார்த்தாள். பார்த்து என்ன தெரியும்?

திரும்பும் வழியில் அமிர்தராஜிடமிருந்து போன் வந்தது. ஷெர்லின் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னும் வரலைடா. பருந்து எதாவது துரத்தியிருக்கும். அப்படின்னா ரெண்டும் தாழப் பறந்து, மரத்தோட மரமா ஒளிஞ்சு ஒளிஞ்சு வரும். ஒருதரம் மழையில இப்படித்தான் ஆச்சு, உனக்கு ஞாபகம் இருக்கா? நீ அழுதே. சாயந்தரம் நனைஞ்சுக்கிட்டு வந்து நின்னுச்சு."

"நான் அழலை. நீங்கதான் அழுதீங்க."

"சரி, நான்தான். நீ பார்த்து வாடா."

அவர் பேசிக்கொண்டே போனார். ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு.

குடமுருட்டிப் பாலத்தருகே யாழினியின் போன் அடித்தது. கோமளவல்லி. ஓரமாக நிறுத்தி, ஷெர்லினிடமிருந்து வாங்கிப் பேசினாள்.

"யாழினி, ரெண்டும் இங்க வந்துடுத்து. குஞ்சுகளோட உக்காந்திண்டிருக்கு. நான் என்ன பண்ணட்டும்? துரத்தட்டுமா? துரத்தினாலும் போகமாட்டேங்கறதே."

கோமளவல்லியின் உரத்த குரல் பின்சீட்டுக்கும் கேட்டுவிட்டது. "என்ன குஞ்சு, ஆன்ட்டி?" என்றாள் ஷெர்லின்.

மறைக்க இனி ஒன்றும் இல்லை. யாழினி காவிரிப் பாலம் கடந்து ஶ்ரீரங்கத்துக்கே வண்டியைத் திருப்பினாள்.

கோமளவல்லி வீட்டு மாடியில் நான்கும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வளர்ந்த குஞ்சுகள் இரண்டும் இன்னும் தீனி கேட்டு, இறக்கையை உதறிக்கொண்டு பூந்தியின் பின்னாலேயே ஓடின. ஷெர்லின் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"லட்டுவுக்குப் பாப்பா. இதுக்குப் பேர் வச்சாச்சா மாமி?"

"இல்லைடி குழந்தே. நீயே வை."

"இது ஜாங்கிரி. அது மிக்சர்."

"மிக்சர் தித்திக்காதே" என்றார் பின்னாலேயே ஏறி வந்த சடகோபன்.

"அது சண்டை போடுது. அதனால மிக்சர். குஞ்சையும் அம்மாவையும் பிரிக்க வேண்டாம், ஆன்ட்டி."

அப்புறம் அவள் யாழினியின் போனை வாங்கினாள். அப்பாவுக்குத்தான் என்று யாழினி நினைத்தாள். ஷெர்லின் அம்மாவைக் கூப்பிட்டாள். திருவானைக்காவல் பக்கம்தானே. அம்மா ரெஜினா கொஞ்ச நேரத்திலேயே வந்துவிட்டாள். ஸ்கூல் டீச்சர். களைத்த முகம். குழந்தை சிரிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கோமளவல்லியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இங்க வந்து பார்த்துட்டுப் போனா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமாங்க?"

"என்ன தொந்தரவு? தினமும் வரட்டும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை இங்கயே கூட்டிட்டு வந்துடறேன்." யாழினியின் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். ரெஜினா அவள் பக்கம் திரும்பினாள். "தப்பா நெனைக்காதீங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவர் பைக்குல இவ பின்னாடி உக்காந்து போவா. திரும்பி வர்ற வரைக்கும் நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். லாரியில அவர் அடிபட்டப்ப, இவ கூட இல்லையேன்னு முதல்ல அதுக்குத்தான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏத்தினேன். புறாவுக்காகத்தான் இவ்வளவு நாள் விட்டேன்."

அதில் தப்பு சொல்ல யாழினிக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடையது என்று சொல்ல நினைத்தாள். அதைச் சொல்ல அவளுக்கு என்ன உரிமை இருந்தது?

படியிறங்கி வாசலில் நின்று அமிர்தராஜைக் கூப்பிட்டாள். ஒரே மணியில் எடுத்தார்.

"வந்துடுச்சுங்களா?" என்று அவரே கேட்டார். முக்கொம்பிலிருந்து திரும்புகிறவள் கேட்க வேண்டியதை, மாடியில் காத்திருந்தவர் கேட்டார்.

"ஶ்ரீரங்கத்துல இருக்குங்க. பத்திரமா இருக்கு."

"ஷெர்லின்?"

"அவளும் இங்கதான். அவங்கம்மா வந்திருக்காங்க."

அவர் மெல்லக் கேட்டார். "குஞ்சு பொரிச்சுதுங்களா?"

"ஆமாங்க. மார்கழியில. நான் சொல்லியிருக்கணும். அந்தம்மா மேல தப்பு இல்லை. நான்தான் அவங்ககிட்டயும் சொல்லலை, உங்ககிட்டயும் சொல்லலை."

"கட்டி வைக்கலாமான்னு கேட்டீங்களே, அப்பவே நான் ஏன்னு திருப்பிக் கேட்டிருக்கணும். வர ஞாயித்துக்கிழமைங்கிறதுதான் மண்டையில இருந்துச்சு."

"நான் பிடிச்சுட்டு வந்துடறேன். திரும்பக் கூண்டுல போட்டு, அங்க ஒரு குஞ்சு பொரிக்க வச்சுட்டா..."

"மழைக்காலம் வரைக்கும் ஆயிடும்ங்க. அதுவரைக்கும் ஷெர்லின் கூண்டைப் பார்க்கவா வருவா? அவ என்ன சொல்றா?"

யாழினி பொய் சொல்ல நினைத்தாள். ஏற்கெனவே சொன்னது போதும் என்று தோன்றியது. "குஞ்சையும் அம்மாவையும் பிரிக்க வேண்டாம்னு சொல்றா."

"அப்ப சரி. அங்கயே இருக்கட்டும்." போனை வைக்கவில்லை. "அவகிட்டக் குடுக்கறீங்களா? இல்லை, வேண்டாம். விளையாடட்டும்."

சாயங்காலம் யாழினி காலிக் கூடையைத் திருப்பிக் கொடுக்கக் காட்டூர் போனாள். வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. வியாகுலம்மாள் மாடிப்படி அடியில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நல்ல வேளை வந்தே. காலையில ஏறின மனுஷன். மத்தியானச் சாப்பாட்டைக் கயித்துலதான் கட்டி அனுப்பிச்சேன். இறங்க முடியலையாம். யாரையாவது கூப்பிடவான்னா வேண்டாங்கிறாரு."

கைப்பிடி இல்லாத குறுகலான படி. யாழினி மேலே போனாள். அமிர்தராஜ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னச் சட்டியில் தண்ணீரும், ஒரு தட்டில் கம்பும் வைத்திருந்தார். தண்ணீர் அப்படியே இருந்தது.

"அடுத்த வாரம் நானே அவளைக் கூட்டிட்டு வரேங்க" என்றாள் யாழினி. "அவங்கம்மாகிட்டப் பேசுறேன்."

"நீங்க கூட்டிட்டு வந்தா வருவாதாங்க. வந்து என்ன பண்ணுவா? சாப்பிட்டியா, படிச்சியான்னு கேப்பேன். அப்புறம் எதிர்ல எதிர்ல உக்காந்திருப்போம்." கைத்தடியை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

யாழினி அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். முதல் படியில் அவர் நல்ல காலை வைத்தார். இன்னொரு காலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைப்பதற்குள் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"பார்த்து, பார்த்து. சுவத்தைப் பிடிச்சுக்க" என்று கீழிருந்து வியாகுலம்மாள். "இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படிய்யா ஏறினே?"

"உக்காந்து உக்காந்து, ஒவ்வொரு படியா ஏறினேன்."

"ஏறினா இறங்கணுமேன்னு யோசிக்கலையா?"

அமிர்தராஜ் அடுத்த படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப ஷெர்லின் இங்க இருப்பான்னு நெனச்சேன்."